லீவில் வந்து கழுத்து ஆபரேஷன் செய்துகொள்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களாக ஒரு விளம்பரம் வருகிறது. வெளிநாட்டில் வசிக்கும் நம்மவர்கள் ஊருக்கு வரும்போது கழுத்துத் தொங்கலைச் சரிசெய்துகொண்டு போகலாம், விமான நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்வதிலிருந்து திரும்பக் கொண்டுவிடுவது வரை எல்லாம் சேர்த்து ஐந்தே நாள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ‘ஐந்தே நாள்’ பற்றித்தான் எழுதுகிறேன். நான் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரி, அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போதும் அக்கம்பக்கத்து ஊர்களில் யாருக்காவது கட்டு மாற்ற வேண்டும், ஊசி போட வேண்டும் என்றால் கூப்பிடுவார்கள், போவேன். முன்பெல்லாம் சர்க்கரைப் புண், பிரசவத் தையல் என்றுதான் ஆள் வரும். இப்போது சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்தவர்கள் காதுக்குப் பின்னால் தையலோடு உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கும் போகிறேன்.

இந்த ஆபரேஷனைச் செய்துகொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை. உடம்பு இளைத்தவர்களுக்கு, அதுவும் சர்க்கரைக்காக நிறைய எடை குறைத்தவர்களுக்கு, மோவாய்க்கட்டைக்குக் கீழே தோல் பை போலத் தொங்கிவிடுகிறது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது என்றால் சரிசெய்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது, சம்பாதிக்கிற காசு அவர்களுடையது. “இந்த வயதில் இது தேவையா” என்று கேட்கிற உறவினர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். எனக்கு இருக்கும் வருத்தமெல்லாம், ஆபரேஷனுக்கு அப்புறம் வரும் இரண்டு வாரத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான்.

என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோவாய்க்குக் கீழே ஒரு சின்ன வெட்டு, இரண்டு காதுகளுக்கும் பின்னால் வெட்டு. உள்ளே இருக்கும் அதிகக் கொழுப்பை எடுப்பார்கள், கழுத்தின் முன்பக்கம் தோலுக்கு அடியில் பரந்திருக்கும் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை வயதாக ஆகத் தளர்ந்து இரண்டு நாடா போலப் பிரிந்து நிற்கும், அதை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள், மிஞ்சிய தோலை வெட்டி எடுப்பார்கள். பொதுவாக இரண்டு மூன்று மணி நேர வேலை. முழு மயக்கத்திலும் செய்வார்கள், தூக்க ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தும் செய்வார்கள். தோல் இறுக்கமாக இருக்கும் சின்ன வயதுக்காரர்களுக்குக் கொழுப்பை மட்டும் உறிஞ்சி எடுத்தாலே சில சமயம் போதும்.

ஆகவே இது பார்லர் வேலை இல்லை. கழுத்தில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் மூச்சுக் குழாயும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். கீழ் உதட்டை அசைக்கும் நரம்பு தாடை ஓரமாகத்தான் போகிறது, அது அடிபட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், ஆனால் அதுவரைக்கும் அந்த மனுஷிக்கு இருக்கும் பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. காது மடல் மரத்துப் போவதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் உள்ளே ரத்தம் கட்டுவது. அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், பிபி இருப்பவர்களுக்கும் ஆண்களுக்கும் கூடுதலாக வரும். ஒரு பக்கக் கழுத்து மட்டும் வேகமாக வீங்கி, கல் மாதிரி இறுகி, வலி ஏறிக்கொண்டே போனாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே திறந்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ஐந்து நாளைப் பாருங்கள். முதல் நாள் ரத்தப் பரிசோதனை, இரண்டாம் நாள் ஆபரேஷன், மூன்றாம் நாள் கழிவு ரத்தம் வடியும் ட்யூபை எடுப்பது, நான்காம் நாள் டிஸ்சார்ஜ், ஐந்தாம் நாள் கார் ஏற்றிவிடுவது. ஆனால் வீக்கமும் ரத்தம் கன்றிப்போவதும் உச்சத்துக்கு வருவதே ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மூன்றாம் நாளில்தான். தையல் பிரிப்பது ஆபரேஷனிலிருந்து எண்ணி ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். கன்றல் மறைய இரண்டு வாரம் ஆகும், பாரம் தூக்குவது, ஓடுவது போன்றவற்றுக்கு மூன்று நான்கு வாரம் தடை. கழுத்து நிஜமாகவே எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியச் சில மாதம் வேண்டும். அதாவது தையல் பிரிப்பதுகூட பேக்கேஜுக்குள் வரவில்லை. அதை யார் பிரிப்பது? ஊரில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

போன வருடம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஊரும் பேரும் வேண்டாம். அந்த வீட்டம்மாளின் நாத்தனார் மலேசியாவிலிருந்து அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், ஒரு பெரிய நகரத்துத் தனியார் மருத்துவமனையில் இதைச் செய்துகொண்டு நான்காம் நாள் காரில் ஊருக்கு வந்துவிட்டார். கையில் மாத்திரைச் சீட்டு ஒன்று மட்டும்தான். என்ன செய்தார்கள், எங்கே வெட்டினார்கள், உள்ளே என்ன தையல், வெளியே என்ன தையல், எதுவும் எழுதித் தரவில்லை, கொடுத்த போன் நம்பரை எடுத்தவர் டாக்டர் இல்லை, ஏஜென்ட். நான் பார்த்தபோது இடது காதுக்குப் பின்னால் தோல் ஓரம் கறுத்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஊர் டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனாலும் இன்னொருவர் செய்த ஆபரேஷனில் விவரம் தெரியாமல் எப்படிக் கை வைப்பது என்று தயங்கினார், அவர் தயங்கியது நியாயம். கடைசியில் கும்பகோணத்தில் ஒரு சர்ஜன் பார்த்து, இறந்துபோன தோலைச் சுத்தம் செய்து, பல நாள் கட்டு மாற்றித் தேற்றினார். விமான டிக்கெட்டை மாற்ற வேண்டியதாயிற்று. கல்யாண போட்டோ ஒன்றிலும் அந்த அம்மா இல்லை. காதுக்குப் பின்னால் தடித்த தழும்பு இன்னமும் இருக்கிறது.

இதில் எனக்கு அதிகம் வலித்தது வேறு ஒன்று. வந்தவர்களிடமெல்லாம் “தைராய்டு ஆபரேஷன்” என்று சொல்லி வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். சரி, சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம், ஆனால் அந்தப் பொய்யையே டாக்டரிடமும் சொன்னால் என்ன ஆவது? தைராய்டு ஆபரேஷன் என்றால் டாக்டர் யோசிக்கும் சிக்கல்கள் வேறு, கேட்கும் கேள்விகள் வேறு. ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்து வீங்கி அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர், டியூட்டி டாக்டரிடம் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். உறவுக்காரர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள், எந்த டாக்டரும் நர்ஸும் அதை ஊரில் போய்ப் பேச மாட்டோம்.

தைராய்டு என்றதும் நினைவுக்கு வருகிறது, கழுத்து தடிப்பாகத் தெரிவதெல்லாம் கொழுப்பு இல்லை. கழுத்துக் கழலையாக இருக்கலாம், தாடைக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி பெரிதாகியிருக்கலாம், நெறி கட்டியிருக்கலாம். போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி நாள் குறித்துக்கொள்பவர்களுக்கு இதை யார் தொட்டுப் பார்ப்பது? பயணத்துக்கு முன்பே, இருக்கிற ஊரிலேயே ஒரு டாக்டரிடம் கழுத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அதே சமயம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்த ஆபரேஷனுக்காகத் தாங்களாகவே அதை நிறுத்தவும் கூடாது, இதய டாக்டர் சொல்லாமல் அது ஆபத்து. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்காகத் தனியாக ஒன்று. சிகரெட்டை விட வேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், குறைந்தது நான்கு வாரம் முன்பே. ஆனால் வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், இவர்களும் சொல்ல மாட்டார்கள். நிகோடின் எந்த வழியாகப் போனாலும் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், தூக்கித் தைத்த தோலுக்கு ரத்தம் போதாமல் அது கறுத்து இறந்துபோகும். பல வருடம் பாக்கு மென்றவர்களில் சிலருக்கு உள்வாய் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. மயக்கம் கொடுத்து மூச்சுக் குழாய்க்குள் ட்யூப் போடும்போது அது பெரிய சிரமம், அதனால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம். கும்பகோணம் வெற்றிலைக்குப் பெயர்போன ஊரிலிருந்து போகிறவர்கள் இதை மறைக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது விமானம். முகத்தில் செய்யும் அழகு ஆபரேஷன்களுக்குப் பிறகு 7 முதல் 10 நாள் வரை விமானம் ஏற வேண்டாம் என்று சிடிசி எனப்படும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸும் சொல்கின்றன. காரணம் வீக்கமும் ரத்தக் கசிவும் மட்டும் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாலே கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அது சாதாரணப் பயணிக்கு. ஆபரேஷன் முடித்துப் படுத்திருந்த உடம்புக்கு அபாயம் இன்னும் கூடும். திருச்சியிலிருந்து சிங்கப்பூரே நான்கு மணி நேரத்துக்கு மேல், காரைக்கால் பக்கத்திலிருந்து பாரிஸ் போகிறவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று யோசியுங்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் இறங்கிய ஊரில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆக, மூன்று வார லீவு என்றால் ஆபரேஷனை லீவின் முதல் சில நாட்களுக்குள் வையுங்கள். கடைசி வாரத்தில் வேண்டவே வேண்டாம். தையல் பிரிக்கும் வரைக்கும் ஆபரேஷன் செய்த டாக்டர் இருக்கும் ஊரிலேயே தங்குவதுதான் நல்லது. சென்னையில் செய்துவிட்டு அடுத்த நாளே வேதாரண்யத்துக்கு வந்து படுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை, அதுவும் நவம்பர், டிசம்பர் லீவில், மழையில் சாலை எப்போது துண்டிக்கப்படும் என்றே தெரியாத மாதங்களில். கல்யாணத்துக்காக என்றால் அந்தக் கல்யாணத்துக்குப் பல மாதம் முன்பே செய்துகொள்ள வேண்டும். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு செய்தால், வீங்கிய கழுத்தில் ஆரமும் மாலையும் போட முடியாது, சபையில் பெரியவர்கள் காலில் குனிந்து விழவும் கூடாது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தில்தான் தப்பு நடக்கிறது. காயத்தில் மஞ்சள் அரைத்துப் பூசாதீர்கள். வேப்பெண்ணெய் தடவாதீர்கள். தலையை உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும், ஆனால் மோவாய் நெஞ்சில் இடிக்கிற மாதிரி தலையணையை அடுக்கக் கூடாது. கோலம் போட, வாளி தூக்க, குழந்தையைத் தூக்க விடாதீர்கள். தாடையைச் சுற்றிப் போட்டிருக்கும் பெல்ட்டைக் கத்திரி வெயில் வேர்வைக்குப் பயந்து கழற்றிவிடுகிறார்கள், எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று டாக்டர் சொன்னபடிதான் கழற்ற வேண்டும். அப்புறம் குளியல். ஊருக்கு வந்துவிட்டு காவிரியில் முங்காமல் போவதா என்று ஆடிப்பெருக்குக்கும், ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கும் கூட்டிப்போகிறார்கள். காயம் முழுதாக மூடி, டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஆறும் வேண்டாம், குளமும் வேண்டாம். தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் ஒருவகை மைக்கோபாக்டீரியா, காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம், ஆபரேஷன் காயத்தில் புகுந்தால் வாரக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு கட்டி கட்டியாகக் கிளம்பும், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு மசியாது, மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்.

இந்தக் கிருமி ஆபரேஷன் அறையிலிருந்தும் வரலாம். 2013, 2014-ல் அழகு ஆபரேஷனுக்காக டொமினிகன் குடியரசு போய்வந்த அமெரிக்கர்கள் பலருக்கு இதே வகைத் தொற்று வந்தது, திரும்பி வந்து பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 2023-ல் மெக்சிகோவின் மட்டாமோரோஸில் அழகு ஆபரேஷனுக்காக முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வந்து சிலர் இறந்தே போனார்கள். பாங்காக், இஸ்தான்புல் என்று இங்கிருந்து கிளம்புகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அந்த ஊர்களில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்த நாட்டில் செய்தாலும் சிக்கல் வந்தால் செலவு உங்களுடையது, பயணக் காப்பீடும் நம் ஊர் மருத்துவக் காப்பீடும் பொதுவாக அழகு ஆபரேஷனுக்குப் பணம் தராது, அதனால் திரும்பச் செய்ய வேண்டி வந்தால் ஆகும் தொகையையும், கூடுதலாகத் தங்கும் செலவையும், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையும் சேர்த்துத்தான் ‘மலிவு’ என்று கணக்குப் போட வேண்டும். திரும்பி வந்தபின் மூன்று மாதம் வரை தழும்பில் புதிதாகக் கட்டியோ கசிவோ வந்தால், டாக்டரிடம் எந்த நாட்டில் ஆபரேஷன் நடந்தது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஆவணங்கள் விஷயத்தில் நம் மக்கள் ரொம்ப விட்டுக்கொடுக்கிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை டாக்டர் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சீட்டில் தன் பதிவு எண்ணைப் போட வேண்டும். நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் அதே விதிகளில் தகாத செயல் என்று இருக்கிறது, இந்த ஏஜென்ட்கள் எதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும். டாக்டர் பெயரைக் கேளுங்கள், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஹெச் அல்லது அதற்கு இணையான பட்டம் இருக்கிறதா என்று மருத்துவப் பதிவேட்டில் பாருங்கள், அது இணையத்திலேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் வராமல் பாக்கிப் பணத்தைக் கட்டாதீர்கள். தப்பு நடந்தால், காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது, புகார் கொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு. ஆனால் பேப்பர் இல்லாமல் எதை வைத்து வழக்குப் போடுவது?

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. போடும்போது ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரின் பெயர், பதிவு எண், ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் ஊரில் தங்க வேண்டும், தையல் எங்கே யார் பிரிப்பார்கள், ராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் டாக்டரே பேசுவார் என்ற விவரங்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள், தர மறுப்பவர்களின் விளம்பரத்தை நிறுத்திவையுங்கள். அதோடு தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேள்வி பதிலாக ஒரு பக்கம் வாங்கி வெளியிடுங்கள், நான் எழுதியதை விட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். ஜூன் மாதப் பள்ளி லீவுக்கு சிங்கப்பூர்க்காரர்கள் பல வாரம் முன்பே டிக்கெட் போட்டுவிடுவார்கள், அதற்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.